கைக்கு எட்டுமா 272?

கே: காங்கிரஸ் மறுபடியும் தனிப் பெரும்பான்மையோடு டெல்லியில் ஆட்சிக்கு வருமா, வராதா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். (மன்னார்குடி)

ப: வராது. (இரண்டு வார்த்தைக்கு அனுமதி கொடுத்திருந்தால் '2029-ல் வராது' என்று சொல்லியிருப்பேன்.)

கே: காங்கிரசுக்கு 272 கிடைக்கவே கிடைக்காது என்று அடித்துச் சொல்கிறீர்களே, எந்த ஜோசியர் சொன்னது? (நீடாமங்கலம்)

ப: நான்காம் வகுப்பு கணக்கு வாத்தியார். மக்களவையில் 543 இடம், பெரும்பான்மைக்கு 272. காங்கிரஸ் 2024-ல் போட்டியிட்டதே 328 தொகுதிகளில்தான். கட்சியின் வரலாற்றிலேயே இவ்வளவு குறைவாக நின்றதில்லை. மீதியைக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. 328-ல் நின்று 272 ஜெயிக்க வேண்டுமானால் நூற்றுக்கு 83 ஜெயிக்க வேண்டும். இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், நாடே அழுதுகொண்டு ஓட்டுப் போட்ட 1984 டிசம்பரில், ராஜீவ் காந்தி வாங்கியது 514-க்கு 404. நூற்றுக்கு 79. அந்த அலையையும் மிஞ்சிய ஓர் அலை வர வேண்டும்.

வந்தது என்ன? 328-க்கு 99. நூற்றுக்கு 30. வேட்புமனு தாக்கல் செய்த நாளிலேயே பெரும்பான்மை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கேட்காததை வாக்காளர் எப்படிக் கொடுப்பார்?

கே: 2014-ல் 44, 2019-ல் 52, 2024-ல் 99. ஏறுமுகம்தானே? இதே வேகத்தில் போனால் இன்னும் இரண்டு தேர்தலில் 272 வந்துவிடாதா? (பரமக்குடி)

ப: வரிசையை எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்கு முந்தைய 2009-ஐயும் சேர்த்து 206, 44, 52, 99 என்று எழுதிப் பாருங்கள். ஏறுமுகம் கொஞ்சம் வாடிப்போகும்.

ஆனாலும் 99-ஐ ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ராஜஸ்தானில் பூஜ்யமாக இருந்தது 8 ஆனது, ஹரியானாவில் பூஜ்யம் 5 ஆனது, கர்நாடகத்தில் 1 என்பது 9 ஆனது, மகாராஷ்டிரத்தில் 1 என்பது 13 ஆனது. பாஜகவோடு நேருக்கு நேர் மோதிய சுமார் 200 இடங்களில் 2019-ல் வெறும் 15 ஜெயித்த கட்சி, 2024-ல் 62 ஜெயித்தது. இது உண்மையான முன்னேற்றம்.

உறுத்துவது ஓட்டுக் கணக்கு. 19.3 சதவீதம், 19.5, 21.2. பத்து வருஷத்தில் இரண்டு சதவீதம் ஏறியிருக்கிறது. இடங்கள் லிப்டில் ஏறின, ஓட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கே: 99-க்கே அவ்வளவு பட்டாசு ஏன்? (காரைக்கால்)

ப: எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்து பெற மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 வேண்டும் என்பது மரபு. 2014-ல் 11 பேர் குறைவு. 2019-ல் மூன்றே மூன்று பேர் குறைவு. பத்து வருஷம் காலியாகக் கிடந்த நாற்காலியில் ராகுல் உட்கார்ந்தார். வெடிக்கட்டும், பாவம்.

கே: தெற்கு முழுக்கக் காங்கிரசுக்குச் சாதகம். தெற்கை வைத்தே டெல்லியைப் பிடித்துவிட முடியாதா? (நாகர்கோவில்)

ப: ஐந்து தென் மாநிலங்களில் 129 இடம். 2024-ல் காங்கிரசுக்குக் கிடைத்தது 40: கேரளம் 14, தமிழ்நாடு 9, கர்நாடகம் 9, தெலங்கானா 8, ஆந்திரம் பூஜ்யம். புதுச்சேரி, லட்சத்தீவு இரண்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திமுகவும் மார்க்சிஸ்ட்டும் சந்திரபாபுவும் பெரிய மனசு பண்ணி 129-ஐயும் தூக்கிக் கொடுத்தாலும் இன்னும் 143 வேண்டும். எங்கே போவது?

உ.பி., பீகார், ம.பி., ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஹரியானா, டெல்லி, உத்தரகாண்ட், இமாச்சலம் ஆகிய பத்து இந்திப் பிரதேசங்களில் மொத்தம் 225 இடம். காங்கிரஸ் வென்றது 25. பக்கத்திலேயே இருக்கும் குஜராத்தையும் சேர்த்தால் 251-க்கு 26. (அந்த ஒன்று பனஸ்காந்தா. குஜராத் காங்கிரஸ்காரர்களுக்கு அந்தப் பெயர் மனப்பாடம்.)

தெற்கு கைகொடுத்தும் போதாமல் போனது இந்தக் கட்சிக்குப் புதிதும் அல்ல. நெருக்கடி நிலையின் கடைசியில் வந்த 1977 தேர்தலில் ஆந்திரத்தில் 42-க்கு 41, கர்நாடகத்தில் 28-க்கு 26 என்று இந்திராவுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். உ.பி.யின் 85-ல் ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் அவரே தோற்றார். நாடு முழுவதும் 154 இடம், ஆட்சி போனது.

கே: அந்த இந்திராதானே 1980-ல் 353 இடத்தோடு திரும்பி வந்தார்? பாட்டி செய்ததைப் பேரன் செய்ய முடியாதா? (ஆரணி)

ப: நல்ல கேள்வி. பாட்டி செய்ததை முதலில் பார்த்துவிடுவோம்.

1977 ஆகஸ்ட். தோற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பீகாரில் பெல்ச்சி என்ற கிராமத்தில் தலித்துகளை எரித்துக் கொன்றிருந்தார்கள். ஆட்சியில் இருந்த ஜனதா தலைவர்கள் யாரும் எட்டிப் பார்க்கும் முன் இந்திரா கிளம்பினார். கொட்டும் மழை, ஊருக்குச் சாலை கிடையாது. ஜீப் சேற்றில் சிக்கியது. டிராக்டரும் உதவவில்லை. கடைசியில் ஒரு யானையைக் கொண்டுவந்தார்கள். அம்பாரிகூட இல்லை. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த முன்னாள் பிரதமர் யானை மேல் உட்கார்ந்து வெள்ளத்தைக் கடந்து ஊருக்குள் போனார். அடுத்த ஆண்டு சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார்.

யானை அழகான காட்சிதான். ஆனால் யானை மட்டும் 353 இடத்தைச் சுமந்து வரவில்லை. எதிரிகள் உதவினார்கள். மொரார்ஜியும் சரண் சிங்கும் ஜெகஜீவன் ராமும் பிரதமர் நாற்காலிக்கு இழுபறி நடத்தி ஜனதாவை உடைத்தார்கள். இந்திராவின் ஆதரவை நம்பிப் பிரதமரான சரண் சிங், ஆதரவு கைநழுவியதும் நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடப் பார்க்காமலே ராஜினாமா செய்தார். அதோடு வெங்காய விலை வேறு.

யாரும் கவனிக்காத எண் ஒன்று உண்டு. 1977-ல் மண்ணைக் கவ்வியபோதே காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 34.5 சதவீதம். 2024-ல் ஆட்சியைத் தக்கவைத்த பாஜக வாங்கியது 36.6. அதாவது 1977-ல் எதிரிகள் எல்லோரும் ஒன்று சேர்ந்ததால் தோற்றார். ஊர் ஊராகக் கட்சி அப்படியே இருந்தது. எதிரிகள் பிரிந்தவுடன் திரும்பிவிட்டார். பேரனுக்கு எதிரே ஒரே கட்சி, கையில் 21 சதவீதம். அவரும் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சுமார் 4,000 கிலோமீட்டர் நடந்தே போனார். யானையைவிடக் கஷ்டமான பயணம்.

கே: நடந்ததற்குப் பலன் உண்டா? (வேதாரண்யம்)

ப: கர்நாடகத்தில் 2023 மே மாதம் 224-க்கு 135. அதே வருஷம் டிசம்பரில் தெலங்கானா. அதே டிசம்பரில் ராஜஸ்தானும் சத்தீஸ்கரும் கையை விட்டுப் போயின, ம.பி. கைக்கு வரவே இல்லை. கால்வலி தைலத்துக்கு ஆன செலவில் பாதி தேறியது.

கே: தலைமையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து? (திருச்செங்கோடு)

ப: நண்பர் சொல்லும் வைத்தியத்தைப் பலமுறை செய்து பார்த்தாயிற்று. நரசிம்ம ராவ் தலைவராக இருந்து 1996-ல் 140. சீதாராம் கேசரி தலைவராக இருந்து 1998-ல் 141. சோனியா தலைவராகி நேரே களத்தில் நின்ற 1999-ல் 114. அதே சோனியா தலைமையில் 145, அப்புறம் 206, அப்புறம் 44. ராகுல் தலைவராக இருந்து 52. கார்கே தலைவராக இருந்து 99. இந்த எண்களுக்கும் தலைவர் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு கார்டு போடச் சொல்லுங்கள்.

தலைவரைப் பற்றிப் பேசுவது சுலபம், ஆள் தெரிகிறார். நான் தேடுவது பூத்தில் உட்காரும் ஆளை.

கே: எதற்கெடுத்தாலும் பூத் ஏஜென்ட், பூத் ஏஜென்ட் என்கிறார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி என்ன மகிமை? (சின்னசேலம்)

ப: உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஓட்டுப் பதிவு ஏழு மணிக்கு. ஏஜென்ட் ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும். முதலில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது ஓட்டாவது போட்டு, எந்தச் சின்னத்துக்குப் போட்டது எந்தச் சின்னத்தில் விழுந்தது என்று சீட்டோடு ஒத்துப் பார்த்து, அழித்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் மாலை வரை வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக். துபாயில் இருக்கும் முருகேசன் பெயரில் வேறு முருகேசன் வருகிறானா என்று ஊர்க்காரனுக்குத்தான் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. மூன்று மணிக்கு இன்னும் வராதவர்கள் யார் யார் என்று வெளியே சேதி அனுப்ப வேண்டும். ஆட்டோ அந்த வீட்டு வாசலுக்குப் போகும். முடிந்ததும் 17சி படிவத்தின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். நடுவில் அவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த தேர்தலில் அவர் வர மாட்டார்.

2024-ல் நாடு முழுக்கச் சுமார் பத்தரை லட்சம் வாக்குச்சாவடி. ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 1,900-க்கு மேல். அத்தனை பேர் விடியற்காலையில் எழுந்து வர வேண்டும். எதற்காக வருவார்கள்? கட்சி ஜெயித்தால் பையனுக்கு ஒரு வேலை, ஊருக்கு ஒரு குழாய், தாலுகா ஆபீசில் ஒரு மரியாதை. உ.பி.யில் என்.டி. திவாரி 1989-ல் இறங்கியதற்குப் பிறகு காங்கிரஸ் முதல்வரே கிடையாது. அதற்குப் பிறகு பிறந்தவனுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. ஒரு ரேஷன் கார்டுகூட வாங்கித் தர முடியாத கட்சிக்காக அவன் ஏன் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும்?

கே: வாக்குத் திருட்டு நடக்கிறது என்கிறாரே ராகுல்? (உடுமலை)

ப: பெங்களூர் மகாதேவபுரா வாக்காளர் பட்டியலைக் காட்டிக் குற்றம் சாட்டினார். தேர்தல் ஆணையம் மறுத்தது. உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றது. ஆணையம் இன்னும் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய முதல் ஆள் கட்சியின் பூத் முகவர். 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது பாஜக நியமித்த முகவர்கள் 50 ஆயிரத்துக்கு மேல். காங்கிரஸ் 18 ஆயிரத்தைத் தொடவில்லை. திருடன் வந்தானா இல்லையா என்பது இருக்கட்டும். பெரும்பாலான வாசல்களில் காவலுக்கு ஆளே இல்லை.

கே: பீகாரில் காங்கிரஸ்? (தாராசுரம்)

ப: 1985-ல் 324-க்கு 196. 2025-ல் 61-ல் நின்று 6.

கே: எந்த மாநிலத்தில் காங்கிரஸ் திரும்பி வரும், எங்கே வராது என்று சொல்ல ஏதாவது சூத்திரம் இருக்கிறதா? (கோவில்பட்டி)

ப: இருக்கிறது. அந்த மாநிலத்தில் கட்சி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் இடத்தில் இருந்தால் பயமில்லை. ராஜஸ்தானில் 2013-ல் 200-க்கு 21 என்று சுருங்கிய கட்சி ஐந்தே வருஷத்தில் ஆட்சிக்கு வந்தது. இமாச்சலத்திலும் அப்படித்தான். ஆளும் கட்சி மேல் கோபம் வரும்போது வாக்காளர் யார் மேல் அந்தக் கோபத்தைக் கொட்டித் தீர்க்கலாம் என்று பார்க்கிறார். ஜெயிக்கக்கூடிய அடுத்த ஆளுக்குப் போடுகிறார்.

மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டால் அந்தக் கோபம் இந்தப் பக்கம் வருவதே இல்லை. தமிழ்நாட்டில் 1967, வங்கத்தில் 1977, உ.பி.யில் 1989, பீகாரில் 1990, ஒடிசாவில் 2000. இந்த வருஷங்களில் இறங்கிய காங்கிரஸ் முதல்வர்களுக்குப் பின் வாரிசு இல்லை. டெல்லியைப் பாருங்கள்: ஷீலா தீட்சித் 15 வருஷம் ஆண்ட ஊர். 2008-ல் 70-க்கு 43. 2013-ல் 8. அதற்கப்புறம் 2015, 2020, 2025 மூன்றிலும் பூஜ்யம். கெஜ்ரிவால் மேல் கோபப்பட்ட டெல்லிக்காரர் பாஜகவுக்குப் போட்டாரே தவிர, பாலங்கள் கட்டிய பழைய அம்மாவின் கட்சியை நினைக்கவே இல்லை. குஜராத்திலும் அந்த ஆபத்து வாசல்வரை வந்துவிட்டது. 2017-ல் 77 வாங்கிய கட்சி, ஆம் ஆத்மி உள்ளே நுழைந்த 2022-ல் 17-ல் முடிந்தது.

சூத்திரத்தை உடைத்த மாநிலமும் ஒன்று உண்டு: தெலங்கானா. 2020 ஐதராபாத் மாநகராட்சித் தேர்தலில் காங்கிரசுக்கு 150 வார்டில் 2. இனி டிஆர்எஸ்சுக்கும் பாஜகவுக்கும்தான் போட்டி என்று எல்லோரும் எழுதினார்கள். மூன்று வருஷம் கழித்து 119-க்கு 64 எடுத்து ரேவந்த் ரெட்டி முதல்வரானார். கிராமங்களில் மூன்றாம் இடத்துக்கு இறங்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. டெல்லியில் உட்கார்ந்து காங்கிரசுக்கு ஆறுதல் சொல்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

கே: அப்படியானால் கூட்டணியே வேண்டாம், தனித்து நின்று வளரட்டுமே? (பல்லடம்)

ப: நின்றார்களே! தமிழ்நாட்டில் 2014-ல் தனியாக நின்றார்கள்: 4.3 சதவீதம், இடம் பூஜ்யம். திமுகவோடு சேர்ந்த 2019-ல் 9-க்கு 8, 2024-ல் 9-க்கு 9. உ.பி.யில் 2022 சட்டமன்றத் தேர்தலில் பிரியங்கா நூற்றுக்கு நாற்பது சீட் பெண்களுக்குக் கொடுத்துத் தனியாக நிறுத்தினார். 403-ல் கிடைத்தது 2. அகிலேஷோடு சேர்ந்த 2024-ல் 17-ல் நின்று 6.

கூட்டணி என்பது காங்கிரசுக்கு வாடகை வீடு. மழைக்கு ஒதுங்கலாம், ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். 1996-ல் உ.பி. சட்டமன்றத்தின் 425 இடத்தில் சுமார் 300-ஐ கன்ஷிராம், மாயாவதி கட்சிக்கு விட்டுக்கொடுத்தார் நரசிம்ம ராவ். அந்த 300 ஊர்களில் கை சின்னத்துக்குக் கேட்டுப் பழகிய கட்சிக்காரர் அந்த முறை யானைக்குக் கேட்டார். அடுத்த முறை அவரும் யானையோடே போய்விட்டார். ஆட்சி கைக்கு வரவில்லை, ஊரும் போனது. தனியாக நின்றால் இன்றைக்குச் சாவு, சேர்ந்து நின்றால் பத்து வருஷம் கழித்து. எந்தக் கட்சித் தலைவரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

கே: காமராஜர் ஆட்சி அமைப்போம் என்று சத்தியமூர்த்தி பவனில் அவ்வப்போது முழங்குகிறார்களே? (விருதுநகர்)

ப: உங்கள் ஊரில் இருந்தே இந்தக் கேள்வி வருவது பொருத்தம். 1967-ல் காமராஜரை உங்கள் ஊர் 1,285 ஓட்டில் தோற்கடித்தது. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் 41.1 சதவீதம், திமுக 40.7. ஓட்டு அதிகம் வாங்கிய காங்கிரசுக்கு 51 இடம், திமுகவுக்கு 137. எதிர்க்கட்சிகளை ராஜாஜி முதல் கம்யூனிஸ்ட் வரை அண்ணா ஒரே பந்தியில் உட்கார வைத்திருந்தார்.

அந்த 41 சதவீதம் எங்கே போனது? 1969-ல் கட்சி உடைந்தது. 1971-ல் இந்திரா மக்களவையில் சில இடங்களை வாங்கிக்கொண்டு சட்டமன்றத்தின் அத்தனை இடத்தையும் திமுகவுக்கே விட்டுவிட்டார். 1989-ல் மூப்பனார் தனியாக நின்று பார்த்தார். ராஜீவ் திரும்பத் திரும்ப வந்தார், குடிசைக்குள் எல்லாம் போனார். சுமார் 20 சதவீத ஓட்டு, 26 இடம். இன்றைக்கு நினைத்தால் அது சாதனை. அன்றைக்குத் தோல்வி என்று நினைத்து அடுத்த தேர்தலிலேயே கூட்டணிக்குப் போனார்கள். பொறுமையாக இன்னும் இரண்டு தேர்தல் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பழைய கதர்ச்சட்டைக்காரர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சில் நியாயம் உண்டு.

கே: 1989-ல் காங்கிரஸ் 39.5 சதவீதம் வாங்கி ஆட்சியை இழந்தது. 2014-ல் பாஜக 31.3 சதவீதத்தில் தனிப் பெரும்பான்மை. இது என்ன கணக்கு? (சேலம்)

ப: நம்முடைய தேர்தல் முறையின் கணக்கு. தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் எம்.பி.; எதிரே எத்தனை துண்டு என்பதுதான் விஷயம். 1989-ல் வி.பி. சிங்கும் பாஜகவும் இடதுசாரிகளும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நின்றார்கள். காங்கிரசுக்கு 197. 2014-ல் எதிர் ஓட்டு சுக்குநூறு. பாஜகவுக்கு 282.

காங்கிரஸ்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது: 272-க்கு 50 சதவீதமெல்லாம் தேவையில்லை, 31 போதும். கெட்ட செய்தி: அதற்கு இன்னும் பத்து சதவீதம் வேண்டும். 2024-ல் ஓட்டுப் போட்டவர்கள் 64 கோடி. பத்து சதவீதம் என்றால் தமிழ்நாட்டின் மொத்த வாக்காளர் எண்ணிக்கைக்குச் சமமான புது ஓட்டு.

கே: 1984-ல் 2 இடம் வாங்கிய பாஜக 282-க்கு வந்தது. 99 வைத்திருக்கும் காங்கிரஸ் வரக்கூடாதா? (தேனி)

ப: வரலாம். பாஜகவுக்கு முப்பது வருஷம் ஆனது. அந்த இரண்டில் ஒன்று அன்றைய ஆந்திரத்தின் ஹனம்கொண்டா. அங்கே தோற்றவர் நரசிம்ம ராவ். (ராம்டெக்கிலும் நின்றிருந்ததால் தப்பித்தார். இல்லாவிட்டால் இந்தியப் பொருளாதாரச் சீர்திருத்த வரலாற்றை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.)

கே: பாஜகவும்தானே 2024-ல் பெரும்பான்மையை இழந்தது? அதைப் பற்றி வாயே திறக்க மாட்டீர்களா? (ஒட்டன்சத்திரம்)

ப: திறக்கிறேன். 303-லிருந்து 240. உ.பி.யில் மட்டும் 62 என்பது 33 ஆனது. தெலுங்கு தேசத்தின் 16, நிதீஷின் 12 இல்லாவிட்டால் கதை கந்தல். பெரும்பான்மையைத் திரும்பப் பிடிக்க வேண்டிய கட்சிகளின் பட்டியலில் பாஜகவும் உண்டு. ஒரே வித்தியாசம், அவர்களுக்கு 32 குறைகிறது, இவர்களுக்கு 173. அதோடு பாஜக அடி வாங்கிய கையோடு ஹரியானா, மகாராஷ்டிரம், டெல்லி என்று வரிசையாகப் போய் வசூலித்துவிட்டது.

கே: ஹரியானாவில் காங்கிரஸ் ஜெயிக்கும் என்று எல்லா டிவியும் சொன்னதே? (அறந்தாங்கி)

ப: கோஹானா ஜிலேபியைப் பற்றி ராகுல் மேடையில் பேசினார். ஓட்டு எண்ணும் நாள் காலையில் காங்கிரஸ் ஆபீசில் ஜிலேபி, மத்தியானம் பாஜக ஆபீசில் ஜிலேபி. 39.9 சதவீதத்துக்கு 39.1. இடம் 48-க்கு 37. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. பதினொரு இடம் போயிற்று.

கே: கஷ்டப்பட்டு ஜெயித்தாலும் எம்.எல்.ஏ.க்கள் ஓடிவிடுகிறார்களே? (சிதம்பரம்)

ப: ம.பி.யில் 2018-ல் வந்த ஆட்சி 2020 மார்ச்சில் சிந்தியாவோடு பாஜகவுக்குப் போனது. கோவாவில் 2022-ல் ஜெயித்த 11 பேரில் 8 பேர் அதே வருஷம் போனார்கள். அருணாசலத்தில் 2016-ல் முதல்வரே கட்சியை மூட்டை கட்டி எடுத்துப் போனார். ஓடுவதற்குப் பணம், பதவி, அமலாக்கத் துறை என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கு மறக்க முடியாதது இந்தூர். 2024-ல் அங்கே காங்கிரஸ் வேட்பாளர் மனு வாபசுக்கான கடைசி நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டு நேரே பாஜகவில் சேர்ந்தார். திகைத்துப்போன தொண்டர்கள் நோட்டாவுக்கு ஓட்டுக் கேட்டார்கள். நோட்டா 2 லட்சத்து 18 ஆயிரம் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம் பிடித்தது. எனக்கென்னவோ, இன்னும் அந்த ஊரில் கட்சி இருக்கிறது, வேட்பாளர்தான் இல்லை என்று தோன்றியது.

கே: 272 என்ற எண்ணைக் காங்கிரஸ் கடைசியாக எப்போது பார்த்தது? (பெரம்பலூர்)

ப: 1984-க்குப் பிறகு ஓட்டு எண்ணும் இடத்தில் பார்க்கவில்லை. ஜனாதிபதி மாளிகை வாசலில் ஒரு தடவை பார்த்தது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் ஒரே ஓட்டில் கவிழ்ந்த பிறகு, கே.ஆர். நாராயணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சோனியா, தன்னிடம் 272 பேர் இருக்கிறார்கள், இன்னும் வருவார்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். முலாயம் சிங் வரவில்லை. அந்த வருஷத் தேர்தலில் வந்தது 114.

கே: காங்கிரஸ் தலைமையகத்தை அக்பர் சாலையிலிருந்து கோட்லா சாலைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களே, ராசி மாறுமா? (திருநள்ளாறு)

ப: அக்பர் சாலைக் கட்டடத்தில் இருந்துகொண்டுதான் 353 வாங்கினார்கள், 404 வாங்கினார்கள், 44-ம் வாங்கினார்கள். கட்டடத்தின் மேல் பழி போடாதீர்கள்.

கே: 2029 இல்லை என்கிறீர்கள், சரி. 2034? (ராமநாதபுரம்)

ப: அதற்குள் 272 என்ற எண்ணே வேறாகிவிடலாம். மாநிலங்களுக்கு இடையே மக்களவை இடங்களைப் பிரித்தது 1971 மக்கள்தொகைப்படி. 1976-ல் இந்திரா அதை உறைய வைத்தார், 2001-ல் வாஜ்பாய் அரசு இன்னும் நீட்டித்தது; 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரைதான் அந்த உறைநிலை செல்லும். புது நாடாளுமன்றத்தில் மக்களவைக்கு 888 நாற்காலி போட்டு வைத்திருப்பது சும்மா அழகுக்கு அல்ல. மக்கள்தொகைப்படி பிரித்தால் கூடும் இடங்களில் பெரும்பங்கு உ.பி.க்கும் பீகாருக்கும் ம.பி.க்கும் ராஜஸ்தானுக்கும் போகும். நாகர்கோவில் வாசகருக்குச் சொன்ன கணக்கை எடுத்துப் பாருங்கள்: காங்கிரஸ் 225-க்கு 25 வாங்கும் பக்கம் பெருக்கும், 129-க்கு 40 வாங்கும் பக்கத்தின் பங்கு சிறுக்கும். நம் ஊரில் மறுவரையறையை மாநில உரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறோம், அது சரிதான். காங்கிரசுக்கு அது கட்சிப் பிரச்சினையும்கூட. எதிர்த்துக் கத்தினால் உ.பி.யில் இருக்கும் 6-ம் போகும், ஆதரித்தால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் முகத்தில் முழிக்க முடியாது. அதனால் டெல்லித் தலைவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் சாதிவாரிக் கணக்கெடுப்பைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள்.